டூங்கபியில் நடந்த பிரித்தானியக் குத்துச்சண்டை

அருந்தவன் மாமா லண்டனை விட்டுப் புறப்பட்டது 2005ஆம் ஆண்டு ஜூன் ஐந்தாம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை அவர் மறக்காததற்குக் காரணம் பயணம் அல்ல. அன்று விடியப்புறம்தான் மஞ்செஸ்டரில் ரிக்கி ஹட்டன் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரர், சிட்னியில் குடியேறிய கொஸ்ட்யா சூவைத் தோற்கடித்திருந்தார். பன்னிரண்டாவது சுற்றுக்குச் சூ கதிரையை விட்டு எழும்பவில்லை.

மாமா அப்போது ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அவுஸ்திரேலிய விசா கிடைத்த அன்றே, போகிற ஊருக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்று சூவின் கட்சியில் சேர்ந்துவிட்டார். வேலைத்தலத்தில் ஒரு மாதமாக அதே பேச்சு. அதனால் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த சிநேகிதர்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. ஆளுக்கொரு தரம் அவரைக் கதிரையில் அமுக்கி இருத்தி, "எழும்பாதை மச்சான், பன்னிரண்டாம் ரவுண்ட் தொடங்கப் போகுது" என்று கத்தினார்கள். கையில் ஐந்து வயது மகள் வினுஷாவுடன் நின்ற யோகராணி மாமியும் சிரித்துவிட்டார். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை.

விமானம் சிங்கப்பூரில் இறங்குவதற்குள் அவருக்கு ஒரு கொள்கை பிறந்துவிட்டது. பிரித்தானியக் குத்துச்சண்டைக்காரர்கள் அத்தனை பேரும் ஊதிப் பெருப்பித்த பலூன்கள். பேப்பர்காரரும் டிவிக்காரரும் ஊதுகிறார்கள். அமெரிக்கன் ஒருத்தன் வந்து ஊசியால் குத்துகிறான்.

மாமா வாழ்நாளில் ஒருவரையும் அடித்தவர் இல்லை. வீட்டில் நுளம்பைக்கூட மாமிதான் அடிப்பார். ஆனால் இந்தக் கொள்கைக்காக அவர் இருபது வருடம் ஓயாமல் வாயால் அடிபட்டார். முதலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக் களஞ்சியத்தில், பிறகு கார் பழக்குகிறவராக. சிட்னியின் டூங்கபியிலும் நார்த்மீட்டிலும் கார் ஓடுகிற எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மாமாவிடம் பழகியவர்கள். அவர்களுக்கு ரிவேர்ஸ் பார்க்கிங்கும் தெரியும், பிரித்தானியக் குத்துச்சண்டைக்காரர் ஃபிராங்க் புரூனோவின் தாடை எவ்வளவு பலவீனம் என்பதும் தெரியும்.

"ரவுண்டபௌட்டிலை வலப்பக்கம் பார். புரூனோ பாக்கேல்லை. அதுதான் டைசன்ரை அடி விழுந்தது."

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த பிரதீப்குமார் ஒருநாள் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். "சார், டெஸ்ட்ல இதெல்லாம் கேப்பாங்களா?"

"டெஸ்டிலை கேக்க மாட்டினம் தம்பி. சிக்னலைப் போடும்."

இரண்டு வருடம் கால் போன போக்கில் ஊர் சுற்றிவிட்டு வந்த நான், பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் மாமா வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்த சமயத்தில்தான் வினுஷாவின் கலியாணப் பேச்சு வந்தது. பிசியோதெரபி படித்த வினுஷா ஒரு வருடம் வேலை செய்யவென்று லண்டனுக்குப் போனவள், அங்கே சுபாங்கன் என்ற பொறியியலாளனை விரும்பிவிட்டு வந்திருந்தாள். பெடியன் நல்லவன், குடும்பமும் நல்லது. மாமாவும் மாமியும் சந்தோசமாகத்தான் இருந்தார்கள். சுபாங்கனின் அம்மா தர்சினியோடு மாமி தொலைபேசியில் கதைக்கும் வரை.

"பெடியன்ரை தகப்பன் பொக்சிங் பைத்தியமாம்" என்றார் மாமி, போனை வைத்துவிட்டு.

மாமாவின் முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கம்?"

"பிரிட்டிஷ் பக்கம். பிரிட்டிஷ் பொக்சர்மாரை உலகம் மதிக்கிறேல்லை எண்டு வீட்டிலை ஒரே பிரசங்கமாம். வீட்டுக்குப் போன ஆரோ ஒரு விருந்தாளி புரூனோவைப் பற்றி ஏதோ சொன்னதுக்கு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டவராம்."

"ஆர் அந்த விருந்தாளி? நல்ல மனுசனா இருப்பார் போல."

மாமி மாமாவின் கையைப் பிடித்து சாமிப் படங்கள் இருக்கும் அலுமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இந்த முருகன்ரை முன்னாலை சொல்லுங்கோ. வாற மனுசன் என்ன சொன்னாலும் எதிர்த்துக் கதைக்க மாட்டன். பிரிட்டிஷ் ஆக்களைப் பற்றி நல்லதைத் தவிர வேறை ஒண்டும் என்ரை வாயிலை வராது."

"நல்லது எண்டு ஒண்டு இருந்தாத்தானே—"

"அப்பா!" என்றாள் வினுஷா. அந்த ஒற்றைச் சொல்லில் மாமா அடங்கினார். சத்தியம் செய்தார்.

வினுஷாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் சரி என்று மனதுக்குப் பட்டால்தான் பெண் வீட்டில் சோறு சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பேர். தேத்தண்ணீரும் பலகாரமும் கணக்கில் இல்லை. சோற்றில் கை வைத்தால் சம்மதம், வைக்காமல் எழும்பினால் எல்லாம் முடிந்தது. முப்பது வருடம் லண்டனில் இருந்தும் சுபாங்கனின் அப்பா இரத்தினசிங்கம் இந்த விசயத்தில் இம்மியும் அசைய மாட்டார். சுபாங்கன் ஒரே பிள்ளை. "அப்பா கை நனைக்காட்டி நான் கட்டமாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனா அவரை முறிச்சுக்கொண்டு கட்டினா நான் சந்தோசமா இருக்க மாட்டன்" என்று அவளிடம் சொல்லியிருந்தான். மிரட்டியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். உண்மையைச் சொன்னதால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தை மாதத்து வெயில் கூரையை உருக்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். குவேக்கர்ஸ் ஹில்லில் தர்சினி அன்ரியின் தம்பி வீட்டில் தங்கியிருந்தார்கள். வாடகைக் காரைச் சுபாங்கன் ஓட்டிவந்து வீட்டு முன்பாதையில் விட்டான். மாமா அப்போது வீட்டிலேயே இல்லை. காலைப் பாடம் இழுபட்டுவிட்டது. பிள்ளையை இறக்கிவிட்டு ஓடிவந்து, L பலகை மாட்டிய தன் காரை அவர்களுடைய காருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்திவிட்டு, வியர்வையோடு உள்ளே வந்தார்.

இரத்தினசிங்கம் அங்கிள் நல்ல உயரம். மேசையில் தேத்தண்ணீரும் பயற்றம் பணியாரமும் இருந்தன. குசினியில் நண்டுக்கறி, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் மூடிபோட்டுக் காத்திருந்தன. வெயில், விமானப் பயணம், வீட்டு விலை என்று பேச்சு நன்றாகத்தான் போனது. பிறகு அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"தம்பி பொக்சிங் பார்ப்பீங்களாம்."

"சும்மா, நேரம் கிடைச்சா" என்றார் மாமா.

"உண்மையைச் சொன்னா எங்கட பிரிட்டிஷ் பொக்சர்மாருக்குப் பேர்தான் பெரிசு. ஜோஷுவா வெம்பிளியிலை விழுந்த விழுகையைப் பார்த்தீங்கள்தானே?"

மாமா அப்படியே உறைந்துபோனார். இருபது வருடமாக இந்த வசனத்தை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. அவர்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தார். மாமி குசினி வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"சீச்சீ, அப்பிடிச் சொல்லக்கூடாது அண்ணை" என்றார் மாமா, கசப்பு மருந்து குடிக்கிறவர் போல. "ஜோஷுவாவை விழுத்தின டுபுவாவும் லண்டன் பெடியன்தானே. ஆர் விழுந்தாலும் வெண்டது நீங்கள்தான்."

"அப்ப தோத்ததும் நாங்கள்தானே? இல்லைத் தம்பி, நீங்கள் மரியாதைக்குச் சொல்லுறியள். புரூனோவைப் பாருங்கோ. மூண்டு தரம் பட்டத்துக்கு அடிபட்டு மூண்டு தரமும் தோத்த மனுசன்."

அது மாமாவின் சொந்த வசனம். சொல்லுக்குச் சொல் அதேதான். தன் பொருளைப் பிறத்தியார் கையில் கண்டவர் போல மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலாம் தரம் வெண்டவர் எல்லோ! மூண்டு தரம் தோத்துப்போட்டுத் திரும்பி வாறது லேசுப்பட்ட காரியமோ? என்னட்டைப் பழகிற பிள்ளையள் ரெண்டாம் தரம் பெயில் எண்டாலே பஸ்ஸிலை போகத் தொடங்கிவிடுவினம்."

குசினிக்குள் வந்த தர்சினி அன்ரி, மாமியின் காதோரம் குனிந்தார். "அக்கா, உங்கட அவர் ஏன் எங்கட அவரை மாதிரிக் கதைக்கிறார்?"

"ஏன், உங்கட அவர் ஏன் எங்கட அவரை மாதிரிக் கதைக்கிறார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தர்சினி அன்ரியும் புறப்படுமுன் புருசனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சம்பந்திக்குப் பிரித்தானியக் குத்துச்சண்டைக்காரர்களைக் கண்ணில் காட்டக் கூடாதாம், அதனால் அவர் மனம் கோணாமல் அவர்களைத் தாழ்த்தியே பேசவேண்டும் என்று. வாசலில் இரண்டு பேர் நின்று "நீங்கள் முதல் போங்கோ", "இல்லை, நீங்கள் முதல் போங்கோ" என்று சொல்லிக்கொண்டு இருவரும் உள்ளே போகாமல் நிற்பார்களே, அதுதான் முன்னறையில் நடந்துகொண்டிருந்தது. விட்டுக்கொடுப்பதில் தோற்பதைப் போல எங்கள் ஆட்களுக்கு வேறு அவமானம் இல்லை.

மாமி போய்ச் சொல்லித் தடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் குரல்கள் உயர்ந்துவிட்டன.

"லூயிஸை விடுங்கோ தம்பி. அவன் கனடாக்காரன். ஒலிம்பிக்கிலை கனடாவுக்குத்தான் தங்கம் எடுத்துக் குடுத்தவன்."

"எங்கட சனத்திலை ஆருக்குத்தான் பாதிக் குடும்பம் கனடாவிலை இல்லை? பிறந்தது லண்டன். டைசனை அடிச்சு விழுத்தினவர்!"

"கிழண்டுபோன டைசனை!"

"அப்ப கூப்பர்? அலியை 63இலை விழுத்தினவர் எல்லோ?"

"விழுத்திப்போட்டு அடுத்த ரவுண்டிலை தோத்தவர். தோத்த சண்டையை அறுபது வருசமாக் கொண்டாடுற நாடு தம்பி அது!"

மாமாவின் முகம் சிவந்தது. அது அவர் நேற்றுக்கூட என்னிடம் சொன்னது. ஆனால் விவாதம் என்று வந்துவிட்டால் மாமாவுக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. தோற்கக் கூடாது. அவ்வளவுதான்.

"வெம்பிளியிலை எண்பதாயிரம் சனம் வந்து பார்க்குது அண்ணை. அவ்வளவு சனமும் விசரோ?"

"நானும் அந்த எண்பதாயிரத்திலை ஒருத்தன்தான்! ஃபுரொச்சின்ரை சண்டைக்குப் போனனான். எல்லாரும் ஏமாந்த சனம், என்னையும் சேர்த்து!"

"ஏமாறுறது உங்கட பழக்கம் போல" என்றார் மாமா.

வாய் தவறிவிட்டது. கார் பழக்கும்போது பிரேக் போடும் காலால் அவர் தரையை ஓங்கி மிதித்ததை நான் பார்த்தேன். காலம் கடந்த பிரேக்.

இரத்தினசிங்கம் அங்கிள் மெதுவாக எழும்பினார். "தர்சினி, எழும்பும். ஏமாற முதல் போவம்."

"சாப்பாடு—" என்றார் மாமி.

"வேண்டாம். பசியில்லை."

வினுஷா சுவரோடு சாய்ந்தபடி நின்றாள். அழவில்லை. குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தப் பானைகள்தான் தன்னை ஏமாற்றிவிட்டன என்பது போல. சுபாங்கன் அவளைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான், காரின் திறப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தான்.

"அங்கிள், உங்கட காரைக் கொஞ்சம் எடுக்க வேணும். பின்னாலை நிக்குது."

மாமா தன் திறப்பைத் தேடினார். சட்டைப்பையில் தேடினார், மேசையில் தேடினார், சாமி அலுமாரியில்கூடத் தேடினார். கடைசியில் அது கையிலேயே இருந்தது. வெளியே போனபோது அங்கிள் வாடகைக் காரின் முன் இருக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்தபடி இருந்தார். நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

மாமா தன் காரடிக்குப் போகவில்லை. அங்கிளின் கண்ணாடியில் தட்டினார். கண்ணாடி பாதி இறங்கியது.

"அண்ணை, என்னிலை பிழை. பிள்ளையின்ரை விசயம் எண்டு நான் நடிச்சிட்டன். உள்ளை சொன்னதெல்லாம் பொய். நீங்கள் சொன்னதுதான் சரி. அவங்கள் எல்லாரும் ஊதிப் பெருப்பிச்ச பலூன்கள்தான்."

கண்ணாடி முழுதாக இறங்கியது.

"தம்பி, நானும் உம்மட்டை மன்னிப்புக் கேக்கவேணும் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். உள்ளை நான் மனசாரக் கதைக்கேல்லை. நீர் சொன்னதுதான்..." அங்கிள் நிறுத்தினார். "என்ன சொன்னனீர்? பலூனோ?"

"பலூன்."

"லூயிஸ் பலூனோ?"

"லூயிஸ் கனடா பலூன்."

கார்க்கதவு திறந்தது. தர்சினி அன்ரி "கடவுளே" என்றார்.

இம்முறை இருவரும் அவரவர் பக்கத்தில் நின்றார்கள். எவ்வளவு வித்தியாசம்! உள்ளே நடந்தது இரவல் சட்டை போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டம். இங்கே சொந்தச் சட்டை. அங்கிள் கல்சாகியைப் பற்றிச் சொன்னார், நாற்பத்தாறு சண்டை, ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று. வீட்டை விட்டு வெளியே போகாதவன் எப்படித் தோற்பான் என்று மாமா கேட்டார். நசீம் ஹமெட் பறக்கும் கம்பளத்தில் மேடைக்கு வந்ததை அங்கிள் புகழ்ந்தார். அந்தக் கம்பளத்திலேயே திரும்பிப் போயிருக்கலாம் என்றார் மாமா. முன்வீட்டு வெள்ளைக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்.

"அப்பா!" வினுஷா செருப்புக்கூட இல்லாமல் சுடுகல்லில் இறங்கி ஓடினாள். "அங்கிள்! அந்த பொக்சர்மார் ஒருத்தரும் என்னைக் கட்டப் போறேல்லை! நான் கட்டப்போறது இவரை! உங்களுக்கு விளங்குதோ, இல்லையோ?"

ஒரு கணம் இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பிள்ளை சொல்லுறது சரிதான்" என்றார் அங்கிள். "ஆனா கல்சாகி வெளியிலை போகேல்லை எண்டு உன்ரை அப்பா சொல்லுறது பச்சைப் பொய். அமெரிக்காவுக்குப் போய் ஹொப்கின்ஸை வெண்டவர்."

"ஹொப்கின்ஸுக்கு அப்ப நாற்பத்திமூண்டு வயசு!"

வினுஷா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் தர்சினி அன்ரி மாமியின் முழங்கையைப் பிடித்தார்.

"அக்கா, சோத்தைப் போடுங்கோ."

"இப்பவோ?"

"இப்பதான். வாதாடேக்கை இந்த மனுசனுக்குக் கை என்ன செய்யுது எண்டு தெரியாது. ஒருக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை பேர்த்டேயிலை கதைச்சுக் கதைச்சே கேக்கிலை பாதியை முடிச்சவர். பிள்ளை இன்னும் மெழுகுதிரி ஊதேல்லை."

மாமி குசினிக்கு ஓடினார். நானும் ஓடினேன். தட்டில் சோறு, நண்டு, கொஞ்சம் பால்கறி. அவசரத்தில் அப்பளம் மறந்துபோனது. மாமாவுக்கும் ஒரு தட்டு. வெளியே கொண்டுவந்து, L பலகை மாட்டியிருந்த காரின் பொனற் மேல், அங்கிளின் வலது கைக்கு நேரே மாமி தட்டை வைத்தார். தர்சினி அன்ரி புருசனின் கையில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினார். அவர் பாட்டுக்குக் கையைக் கழுவிக்கொண்டே ஃபுரொச் எதிராளிக்கு விட்ட இடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.



"வெம்பிளி முழுக்க அதிர்ந்தது தம்பி. நான் மேலே, கடைசி வரிசை. அங்கை இருந்த எனக்கே..." அவருடைய விரல்கள் சோற்றுக்கு மேலே நின்றன. பிறகு இறங்கின. குழம்பைப் பிசைந்தன. "எனக்கே அந்த அடி விழுந்த மாதிரி இருந்தது." வாயில் வைத்தார்.

யோகராணி மாமி என் தோளைப் பிடித்த பிடி நாலு நாளைக்கு நீலமாகக் கிடந்தது.

இரண்டாவது வாய். மூன்றாவது. நண்டுக்காலை எடுத்துக் கடித்த பிறகுதான் அங்கிள் தன் கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். சுபாங்கன் காரின் கூரையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மாமாகூட வாயை மூடிக்கொண்டார்.

முன்வீட்டுக்காரரின் குழாயிலிருந்து தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"நண்டு நல்லா இருக்கு" என்றார் அங்கிள் மெதுவாக. "ஆனா உறைப்புக் காணாது."

"உறைப்பு உள்ளை இருக்கு அண்ணை" என்றார் மாமி. "உள்ளை வாங்கோ. அப்பளமும் இருக்கு."

அங்கிள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். வினுஷா படியில் இருந்து விலகி வழிவிட்டாள். அவளைக் கடக்கும்போது இடது கையால் அவள் தலையைத் தொட்டுவிட்டு, "உன்ரை அப்பா பிழையான மனுசன். ஆனா அடிபடத் தெரிஞ்ச மனுசன்" என்றார். மாமா தன் தட்டோடு பின்னால் போனார். "ஹொப்கின்ஸின்ரை வயசுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை" என்ற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

அந்த வருடம் ஆவணியில் கலியாணம் நடந்தது. வினுஷா லண்டனுக்குப் போனாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது என்று மாமி சொன்னார். மாமா பாடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் புரூனோவைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டதாகப் பிரதீப்குமாரின் தங்கை சொன்னாள். சம்பந்திகள் இருவருக்கும் வட்ஸ்அப்பில் தனிக் குழு இருந்தது. இரண்டே பேர் உள்ள குழு. அதில் இருந்து மாமா எதையும் வெளியில் காட்ட மாட்டார்.

நானும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போய், அங்கும் இருக்க முடியாமல் டாஸ்மேனியாவில் ஒரு அப்பிள் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அடுத்த வருடம் மழைக்காலம் முடிகிற நேரம், மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவருடைய சொல் ஒன்றுகூட இல்லை. இரத்தினசிங்கம் அங்கிள் அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்.

"தம்பி அருந்தவன், பேத்தி பிறந்திட்டா. தாயும் பிள்ளையும் சுகம். ரெண்டு கையையும் பொத்திக்கொண்டுதான் வந்தவ, நேர்ஸுக்கு ஒரு இடியும் விட்டவ. பிறந்த இடம் லண்டன், பாஸ்போட் பிரிட்டிஷ். இப்ப சொல்லும் பாப்பம், பலூனோ? பதிலை யோசிச்சு எழுதும், நான் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டப் போறன். மற்றது, யோகராணித் தங்கச்சி வரேக்கை வினுஷாவின்ரை பத்தியக்கறிக்குச் சரக்குத்தூள் கொண்டு வரட்டாம். இஞ்சை கடையிலை வாங்கினதிலை உறைப்புக் காணாது."